காதில் கரண்ட் வைத்துப் படபடப்பைத் தணிப்பது: முதன்முறை முயல்பவர்களுக்கு

இடுப்பு வலி, கழுத்து வலி என்று பிசியோதெரபிஸ்டிடம் போய்க் கரண்ட் வைத்துக்கொண்டு வருவது நம்மில் பலருக்குப் பழகிய விஷயம். அங்கே இருக்கும் டென்ஸ் மெஷின் தருகிற அதே வகை மெல்லிய மின்துடிப்பைக் காது மடலில் ஒரு சின்ன இடத்தில் வைத்து, வேகஸ் நரம்பின் வழியாகப் பதற்றத்தைக் குறைக்க முடியுமா என்று 2000-க்குப் பிறகு நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இப்போது காதுக் கிளிப்புகள் ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்கின்றன. எங்கோ படித்துவிட்டு வாங்கி மாட்டிப் பார்க்கிறவர்களும் கூடிவிட்டார்கள். இவர்களில் சிலர் இடம் தெரியாமல் சோணையில், அதாவது தோடு போடும் கீழ் மடலில், மாட்டுகிறார்கள். சிலர் எடுத்த எடுப்பில் கரண்டை ஏற்றி, காது எரிந்ததும் கருவியைப் பீரோவில் போட்டுவிடுகிறார்கள்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேர்முகத் தேர்வுக்கு முன்னால் வரும் நடுக்கம், பல் டாக்டர் பெயரைக் கூப்பிடும்வரை வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கொடுமை, வீட்டில் சண்டை முடிந்து ஒரு மணி நேரமாகியும் அடங்காத நெஞ்சுத் துடிப்பு: இந்த மாதிரி நேரங்களுக்கு இது ஒரு துணை. அவ்வளவுதான். பட்டனை அமுக்கியதும் மனம் அடங்கிவிடும் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் போட்டால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது என்று தெரிந்து, மூச்சையும் சேர்த்துப் பழகினால் முயன்று பார்க்கலாம்.

காதுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

பட்ஸ் விட்டுக் காது குடையும்போது சிலருக்குத் திடீரென்று இருமல் வரும். தொண்டையில் ஒன்றும் இருக்காது, ஆனாலும் இருமுவார்கள். வேகஸ் நரம்பின் ஒரு சிறு கிளை காதுக்கும் வருவதுதான் காரணம். 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஃப்ரீட்ரிஷ் அர்னால்டின் பெயரால் அதை அர்னால்டு நரம்பு என்று சொல்வதுண்டு.

மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் வேகஸ் 10-ஆவது. கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று வயிறு வரைக்கும் போகிறது. பயமோ கோபமோ வந்தால் சிம்பதெடிக் நரம்பு மண்டலம் துடிப்பை ஏற்றிவிடும். அதை மறுபடி இறக்கிக் கொண்டுவருவதில் வேகஸுக்குப் பெரிய பங்கு உண்டு. கழுத்தில் அறுவை சிகிச்சை செய்து இந்த நரம்பில் கருவி பொருத்தும் முறைக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997-இல் வலிப்பு நோய்க்காகவும், 2005-இல் மருந்துக்கு மசியாத டிப்ரஷனுக்காகவும் அனுமதி கொடுத்தது. கத்தி வைக்காமல் அதே நரம்பின் ஒரு கிளையைத் தோல் வழியாகவே தொட முடிகிற இடம் காது. அதனால்தான் எல்லோருக்கும் அதன் மேல் கண்.

ஒரு விஷயத்தைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். காதில் வைத்த கரண்ட் நேராக இதயத்துக்கு ஓடுவதில்லை. காதுக்கு வரும் கிளை தோலின் உணர்வை மூளைக்குக் கொண்டுபோகிற கிளை மட்டுமே. அந்தச் செய்தி முதலில் மூளைத்தண்டுக்குப் போய்ச் சேர வேண்டும், அப்புறம்தான் உடம்பில் எதுவும் நடக்கும். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 12 பேரை வைத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 2015-இல் வந்த அந்த ஆய்வில், காதின் சரியான இடத்தில் தூண்டினால் வேகஸ் போய்ச் சேருகிற மூளைத்தண்டுப் பகுதி உயிர்பெறுவதும், சோணையில் தூண்டினால் அப்படி ஆகாததும் தெரிந்தது. ஆகவே எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் வேறொன்றைப் பார்த்துவிடலாம்.

யார் தொடவே கூடாது?

பேஸ்மேக்கர், ஐசிடி, காக்லியர் இம்ப்ளான்ட் என்று உடம்புக்குள் மின்கருவி எதையாவது பொருத்தியிருப்பவர்கள் இதைத் தொடக் கூடாது. இதயத் துடிப்பு ஏற்கெனவே மெதுவாக இருப்பவர்கள், ஹார்ட் பிளாக் இருப்பவர்கள், அடிக்கடி மயங்கி விழுகிறவர்கள், வலிப்பு நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோர் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். மெட்டோப்ரொலால், ப்ரொப்ரனலால் மாதிரி துடிப்பைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. காதில் புண், சீழ், சமீபத்தில் நடந்த அறுவை சிகிச்சை இருந்தால் ஆறட்டும். குழந்தைகளுக்கு நீங்களாக வைத்துவிடாதீர்கள்.

ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றுகிறவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். பயத்தில் வேகஸ் மிகையாக வேலை செய்து, துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்குவதால் வரும் மயக்கம் அது. அந்த ரகம் என்றால் டாக்டரைக் கேட்ட பிறகு, முதல் தடவை சாய்ந்து படுத்தபடி, பக்கத்தில் ஆள் இருக்கும்போது செய்யுங்கள்.

இது பொதுவாக ஆபத்தான முறையா என்றால், இல்லை. 2022-இல் 177 ஆய்வுகளை, 6,300-க்கும் மேற்பட்டவர்களைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வில் அதிகம் வந்த புகார்கள் காது வலி, தலைவலி, சுருசுருப்பு. இந்தத் தூண்டலால்தான் வந்தது என்று சொல்லக்கூடிய கடுமையான பாதிப்பு எதுவும் அதில் இல்லை. ஆனால் அவை மேற்பார்வையோடு, ஆள் பார்த்துச் சேர்த்து நடந்த ஆய்வுகள். வீட்டில் அந்தப் பொறுப்பு உங்களுடையது.

இடத்தைக் கண்டுபிடிப்பது

கண்ணாடி முன்னால் நின்று இடது காதைப் பாருங்கள். ஆள்காட்டி விரலைக் காதுத் துளையின் வாசலில் வையுங்கள். துளைக்கு முன்னால், கன்னத்தை ஒட்டி, ஒரு சின்னக் கதவு போல நிற்கும் குருத்தெலும்பு விரலில் தட்டுப்படும். சத்தம் தாங்காதபோது நாம் அமுக்கிக் காதை மூடுகிற பகுதி அது. பெயர் டிராகஸ்.

இப்போது விரலைத் துளையிலிருந்து பின்பக்கமாக நகர்த்துங்கள். ஒரு பள்ளத்தில் விழும். அங்கிருந்து அப்படியே மேலே போனால், பள்ளத்தைக் குறுக்கே இரண்டாகப் பிரிக்கும் ஒரு மெல்லிய மேடு தடுக்கும். மேட்டுக்குக் கீழே துளையை ஒட்டியுள்ள பகுதி கேவம். மேட்டைத் தாண்டி மேலே இருக்கும் குறுகலான பள்ளம் சிம்பா. சுண்டு விரல் நுனிதான் அதற்குள் சரியாகப் போகும். நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்து இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடங்களின் மீது ஆராய்ச்சியாளர்களுக்கு வந்த ஆசைக்குக் காரணம் 2002-இல் வெளியான ஒரு சிறிய ஜெர்மானிய ஆய்வு. இறந்தவர்கள் 7 பேரின் 14 காதுகளை அறுத்து, எந்த இடத்துக்கு எந்த நரம்பு வருகிறது என்று பார்த்தார்கள். சிம்பாவுக்கு எல்லாக் காதிலும் வேகஸ் கிளை மட்டுமே வந்திருந்தது. டிராகஸுக்கு 45 சதவீதம்தான். சோணைக்கு வேகஸ் வரவே இல்லை. கழுத்திலிருந்து வரும் வேறொரு நரம்பு அதைக் கவனித்துக்கொள்கிறது. 14 காதை வைத்து உலகத்துக்கே வரைபடம் போடலாமா என்ற கேள்வி நியாயமானது, அந்தச் சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆனாலும் சிம்பாவை யாரும் மறுப்பதில்லை. டிராகஸில் வைத்தும் நல்ல பலன் காட்டிய ஆய்வுகள் உண்டு. கிளிப் கவ்வுவது டிராகஸில் என்பதால், பின்னால் வரும் செய்முறை டிராகஸுக்கானது.

சோணை விஷயத்தில் நமக்கென்று ஒரு வேடிக்கை இருக்கிறது. பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடும்போது நாம் பிடிப்பது சோணையை. காது குத்தித் தோடு போடுவதும் அங்கேதான். அதனால் தோப்புக்கரணம் வேகஸ் நரம்பைத் தூண்டுகிறது என்ற வாட்ஸ்அப் விஞ்ஞானம் அடிக்கடி வரும். உண்மையில் ஆய்வுகளில் சும்மா ஒப்பிட்டுப் பார்க்க, அதாவது போலித் தூண்டலுக்கு, வேகஸ் வராத இடம் என்று தேர்ந்தெடுத்தது சோணையைத்தான். தோப்புக்கரணம் உட்கார்ந்து எழும் நல்ல பயிற்சி, போடுங்கள். வேகஸை அதில் இழுக்க வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. இரண்டு காதுச் சோணையிலும் கிளிப் மாட்டித் தலை வழியாகக் கரண்ட் ஓட்டும் வேறு வகைக் கருவிகள் விற்பனைக்கு உண்டு. பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் அவற்றின் வழி வேறு. கழுத்தில் வைத்து அழுத்தும் கருவிகளும் வேறு. வாங்கும்போது எந்த இடத்தில் வைப்பதற்கானது என்று பார்த்து வாங்குங்கள்.

இடது காதா, வலது காதா? வலது பக்க வேகஸ் இதயத்தின் துடிப்பு உற்பத்தியாகும் முனைக்கு அதிகம் போகிறது என்பதால், கழுத்தில் கருவி பொருத்தும்போது இடது பக்கத்தையே தேர்ந்தெடுப்பார்கள். அந்த வழக்கம் காதுக்கும் வந்துவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இடது காதோடு இருந்துகொள்ளலாம்.

எந்தக் கருவி?

இரண்டு வழி. ஒன்று, காதுக்கென்றே செய்த கருவி. ஜெர்மனியின் எர்லாங்கனிலிருந்து வருவது இயர்போன் மாதிரி சிம்பாவில் உட்காரும். லண்டனைச் சேர்ந்த பாராசிம் செய்வது டிராகஸில் கவ்விக்கொள்ளும். வசதியானவை, ஆனால் விலை கொஞ்ச நஞ்சமல்ல. இன்னொன்று, சாதாரண டென்ஸ் மெஷினோடு காதுக் கிளிப் வாங்கி இணைத்துக்கொள்வது. இதைத்தான் பலரும் செய்கிறார்கள் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

டென்ஸ் இடுப்புக்காகவும் முழங்காலுக்காகவும் செய்யப்பட்டது. அதன் கரண்ட் அளவு 80, 100 மில்லியாம்ப் வரை போகும். காதுக்கென்று செய்த கருவிகளில் பெரும்பாலானவர்களுக்கு ஒற்றை இலக்கத்திலேயே, சில மில்லியாம்பிலேயே, போதுமான உணர்வு வந்துவிடும். ஆகவே திருகு வைத்த பழைய மாடலில் கடுகளவு திருப்பினாலும் காது துள்ளிவிடலாம். ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் ஒரு மில்லியாம்ப் அல்லது அதற்கும் குறைவாக ஏறுகிற டிஜிட்டல் மாடலாகப் பாருங்கள். மின்துடிப்பின் வேகம் (விநாடிக்கு எத்தனை துடிப்பு), அகலம் (ஒரு துடிப்பு எவ்வளவு நேரம்) இரண்டையும் தனித்தனியாக மாற்ற முடிய வேண்டும். இது முடியாத, ‘மசாஜ் 1, மசாஜ் 2’ என்று மட்டும் பட்டன் வைத்த மலிவு மெஷின்கள் இதற்கு ஆகாது. பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். சார்ஜரில் செருகியபடி காதில் மாட்டவே மாட்டாதீர்கள். நேர்மின்னோட்டம் தரும் கருவிகளும் வேண்டாம், தோல் வெந்துபோகும்.

கிளிப் வாங்கும்போது, டென்ஸ் வயரின் நுனியில் இருக்கும் 2 மில்லிமீட்டர் பின் அதில் செருக முடிகிறதா என்று பாருங்கள். கவ்வும் இரண்டு பக்கமும் மின்சாரம் கடத்தும் ரப்பரோ சிலிகானோ இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் முதலை வாய் உலோகக் கிளிப்பை வைத்து ஒப்பேற்றாதீர்கள். குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, புண்ணானால் ஆற நாளாகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: ஒரே வயரின் இரண்டு முனைகளும் ஒரே காதில் இருக்க வேண்டும். டிராகஸ் என்றால் கிளிப்பின் ஒரு பக்கம் வெளியே, மறுபக்கம் உள்ளே. ஒரு முனை இடது காது, மறுமுனை வலது காது என்று வைக்காதீர்கள். கழுத்தின் முன்பக்கத்திலும் நெஞ்சிலும் வைக்காதீர்கள். கழுத்தில் ரத்த அழுத்தத்தை உணரும் கரோட்டிட் சைனஸ் இருக்கிறது, அதோடு விளையாடக் கூடாது.

எண்கள்

மெஷினைத் திறந்தால் மூன்று எண்கள் பயமுறுத்தும். துடிப்பு வேகம் ஹெர்ட்ஸில் இருக்கும், 25 வையுங்கள். துடிப்பு அகலம் மைக்ரோசெகண்டில் இருக்கும். 200 முதல் 250. மோடு என்ற இடத்தில் நார்மல். பர்ஸ்ட், மாடுலேஷன் இரண்டும் வலிக்கான விளையாட்டுகள், நமக்கு வேண்டாம்.

இந்த எண்களை நானாகச் சொல்லவில்லை. ஜெர்மானியக் கருவி ஓடுவது 25 ஹெர்ட்ஸ், 250 மைக்ரோசெகண்டில், 30 விநாடி ஓடி 30 விநாடி ஓய்ந்து. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2014-இல் நலமாக இருந்த 48 பேரிடம் நடந்த ஆய்வில் டிராகஸில் 30 ஹெர்ட்ஸ், 200 மைக்ரோசெகண்ட், 15 நிமிடம் வைத்தார்கள். சிம்பதெடிக் நரம்பின் செயல்பாடு குறைந்ததைக் காட்டிய ஆய்வு அது. சாதாரண டென்ஸ் மெஷினோடு வீட்டில் முயல்கிறவர்களில் நிறையப் பேர் பின்பற்றுவது லீட்ஸ் முறையைத்தான். 25-ஆ 30-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நான்காவது எண்ணான மில்லியாம்பை யாரிடமும் கேட்காதீர்கள். உங்கள் தோல், கிளிப்பின் ஈரம், மெஷினின் ரகம் எல்லாம் சேர்ந்து அது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். நேற்று 4 வைத்தேன் என்று இன்றைக்கும் நேராக 4-க்குப் போகக் கூடாது.

முதல் தடவை

முதல் தடவை நேர்முகத் தேர்வு அன்றைக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாதிரி அவசரமில்லாத நேரமாகப் பாருங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனேயும், காபி குடித்த கையோடும் வேண்டாம்.

கம்மல், டிராகஸில் குத்திய வளையம், காதுக்கு மேல் போட்டிருக்கும் நகை எல்லாவற்றையும் கழற்றுங்கள். மூக்குக் கண்ணாடியின் உலோகக் காம்பு கிளிப்பில் படுமானால் அதையும். அப்புறம் காதைத் துடைக்க வேண்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிற வழக்கமிருந்தால் காது மடலில் மெல்லிய எண்ணெய்ப் படலம் கட்டாயம் இருக்கும். கரண்ட் சரியாகப் போகாமல் அங்கங்கே சுருக்கென்று குத்துவதற்குப் பாதிக் காரணம் இந்த எண்ணெய்தான். ஸ்பிரிட் பஞ்சால் டிராகஸின் உள்ளும் புறமும் துடைத்து, ஒரு நிமிடம் காய விடுங்கள். கிளிப்பின் ரப்பரில் ஒரு சொட்டு ஈசிஜி ஜெல் தடவுங்கள். ஜெல் இல்லையென்றால் உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சின்னப் பஞ்சை இரண்டு பக்கமும் வைக்கலாம். அதிகம் தடவினால் ஜெல் வழிந்து உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் இணைத்துவிடும், கரண்ட் தோலுக்குள் போகாமல் ஜெல் மேலேயே ஓடிவிடும்.

மெஷின் அணைந்திருக்கும்போதுதான் கிளிப்பை மாட்ட வேண்டும், கழற்ற வேண்டும். சாய்வு நாற்காலியிலோ தலையணை வைத்தோ சாய்ந்துகொள்ளுங்கள். அளவு பூஜ்ஜியத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெஷினைப் போடுங்கள். ஒரு தடவை அமுக்குங்கள். ஐந்து விநாடி காத்திருங்கள். ஒன்றும் தெரியவில்லையா, இன்னொரு தடவை. இப்படியே போகும்போது ஒரு கட்டத்தில் டிராகஸில் சுருசுருவென்று மெல்லிய கூச்சம் தெரியும். முதலில் சந்தேகமாகத்தான் இருக்கும், வருகிறதா இல்லையா என்று. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் மெதுவாக ஏற்றுங்கள். கூச்சம் குத்தலாக மாற ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்தி, அந்த எண்ணையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கான அளவு அதுதான்.

ஏற்ற ஏற்ற நல்லது என்ற எண்ணம் இடுப்புக்குக் கரண்ட் வைத்த அனுபவத்திலிருந்து வருவது. ‘இன்னும் கொஞ்சம் வைங்க சிஸ்டர், தெரியவே இல்ல’ என்று கேட்டு வாங்கிய பழக்கம் இங்கே உதவாது. வலி என்பதே உடம்புக்குப் பதற்றம் தரும் செய்தி. வலிக்கிற அளவுக்கு வைத்துவிட்டு அமைதியை எதிர்பார்த்தால் நடக்குமா?

இரண்டு மூன்று நிமிடத்தில் கூச்சம் மங்கிவிடும், தோல் பழகிக்கொள்வதுதான் காரணம். ஒரு படி ஏற்றலாம், ஏற்றாமலும் விடலாம். மொத்தம் 15 நிமிடம் போதும்.

அந்த 15 நிமிடமும் போனை நோண்டாமல் மூச்சைக் கவனியுங்கள். 4 விநாடி மூக்கால் இழுத்து, 6 விநாடி மெதுவாக விடுவது. நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் வேகமெடுக்கும், வெளியே விடும்போது தணியும். மூச்சு விடும் நேரத்தில்தான் வேகஸின் பிடி இதயத்தின் மேல் இறுகுகிறது. அதனால் சில ஆராய்ச்சிக் குழுக்கள் மூச்சு விடும்போது மட்டும் கரண்ட் பாய்கிற மாதிரி கருவி செய்து சோதித்திருக்கின்றன. வீட்டில் நம்மால் முடிந்தது வெளிமூச்சை நீட்டுவது. மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்தால் இந்த ஏற்ற இறக்கத்தைச் சிலரால் கையாலேயே உணர முடியும்.

தலை சுற்றினாலோ, கண் இருட்டினாலோ, நெஞ்சு மிக மெதுவாக அடிப்பது போலத் தோன்றினாலோ, முகத்துத் தசை துடித்தாலோ, காதுக்குள் இரைச்சல் வந்தாலோ உடனே அளவைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து அணைத்துவிடுங்கள், அப்படியே படுத்திருங்கள். இருமல் வந்தால் கிளிப்பின் உள்பக்கம் காதுத் துளைக்குள் அதிகம் போயிருக்கிறது என்று அர்த்தம், சற்று வெளியே இழுத்து மாட்டலாம்.

முடிந்ததும் கிளிப் இருந்த இடத்தைப் பாருங்கள். லேசாகச் சிவந்திருப்பது சகஜம். ஒரு மணி நேரத்துக்கு மேலும் சிவப்பு போகாவிட்டாலோ புள்ளியாகக் கொப்பளம் தெரிந்தாலோ ஜெல் பற்றவில்லை அல்லது அளவு அதிகம். தோல் சரியாகும்வரை நிறுத்திவையுங்கள்.

பதற்றமான நாளில்

வீட்டில் சில நாள் பழகிய பிறகுதான் இது. 11 மணிக்கு நேர்முகத் தேர்வு என்று வைத்துக்கொள்வோம். 10.50-க்கு வராந்தாவில் உட்கார்ந்து வயரை வெளியே எடுத்தால், பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்க்கிற பார்வையிலேயே படபடப்பு இரட்டிப்பாகும். வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, சட்டையெல்லாம் போட்டுத் தயாரான பிறகு, 15 நிமிடம் ஒதுக்குங்கள். போய்ச் சேர்ந்த பின் கருவி வேண்டாம், அதே 4-6 மூச்சு மட்டும். கரண்டோடு சேர்த்துப் பழகிய மூச்சு, கரண்ட் இல்லாதபோதும் கொஞ்சம் கைகொடுக்கும் என்பது என் அனுபவம். இதற்கு ஆய்வு ஆதாரம் கேட்காதீர்கள்.

சண்டை, கெட்ட செய்தி, மயிரிழையில் தப்பிய விபத்து என்று எதிர்பாராமல் வரும் அதிர்ச்சிக்குப் பிறகு வைப்பதானால், முதலில் கை நடுக்கம் அடங்கட்டும். நடுங்கும் கையால் அளவை ஏற்றினால் ஒன்றுக்கு மூன்றாக ஏறிவிடும். வண்டி ஓட்டும்போதும், அடுப்படியில் நிற்கும்போதும், தூங்கும்போதும் மாட்டக் கூடாது.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு நோட்டில், வைப்பதற்கு முன் பதற்றம் பத்துக்கு எத்தனை, முடிந்து 10 நிமிடம் கழித்து எத்தனை என்று எழுதுங்கள். இன்னொரு நாள் எல்லாம் அப்படியே செய்து, கிளிப்பை மட்டும் சோணையில் மாட்டிப் பாருங்கள். அதற்கும் மறுநாள் கருவியே இல்லாமல் மூச்சு மட்டும். மூன்றும் ஒரே எண்ணைத் தந்தால் உங்களுக்கு வேலை செய்வது மூச்சுதான், கருவியை யாருக்காவது கொடுத்துவிடலாம். விற்பவர்கள் யாரும் இந்தச் சோதனையைச் சொல்லித் தருவதில்லை.

ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எச்ஆர்வி எண்ணை, அதாவது ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கை, பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். காதுத் தூண்டலையும் போலித் தூண்டலையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2021-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, வேகஸின் அடையாளமாகக் கருதப்படும் அந்த எண்ணில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உடனடிப் பதற்றத்தைக் குறைக்கிறதா என்று பார்த்த ஆய்வுகளின் முடிவும் இப்படி அப்படித்தான் இருக்கிறது. அதிர்ச்சியான நினைவுகளைக் கேட்க வைத்து அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் நல்ல பலன் கண்ட ஆய்வுகள் கழுத்தில் வைக்கும் கருவியைப் பயன்படுத்தியவை. அவற்றைக் காதுக் கிளிப் விளம்பரத்தில் போடுவது நேர்மையில்லை. இதய விஷயத்தில் ஆதாரம் சற்றுக் கனமானது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போன நோயாளிகளுக்குத் தினமும் ஒரு மணி நேரம், 6 மாதம் டிராகஸில் வைத்து, சோணையில் வைத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். 2020-இல் வந்த முடிவில் அந்தத் தொல்லை நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் அது ஒரு நோய்க்கு, டாக்டர் கண்காணிப்பில், மாதக்கணக்கில் செய்தது. நம் 15 நிமிடத்துக்கு அதை மேற்கோள் காட்ட முடியாது.

கருவி வாங்க மனமில்லையென்றால், அதே 4-6 மூச்சைச் செய்துகொண்டே சுண்டு விரலால் சிம்பாவில் மெதுவாக வட்டமிட்டுத் தேய்க்கலாம். மின்தூண்டலுக்கு இருக்கிற அளவு ஆய்வு இதற்கு இல்லை, ஆனால் செலவும் இல்லை. படபடப்பு மிக அதிகமாக இருக்கும் நேரத்தில் குளிர்ந்த நீரில் நனைத்த துண்டை நெற்றியிலும் கண்ணிலும் கன்னத்திலும் அரை நிமிடம் வைப்பது இதைவிட வேகமாகத் துடிப்பை இறக்கும். தண்ணீரில் மூழ்கும்போது இதயம் மெதுவாகும் இயல்பான அனிச்சையைத் தொடுவது அது, அங்கேயும் கடைசியில் வேலை செய்வது வேகஸ்தான். இதய நோய் இருப்பவர்கள் ஐஸ் தண்ணீர் பக்கம் போக வேண்டாம்.

காரணமே இல்லாமல் வாரத்தில் பல நாள் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கூடவே எடை குறைகிறது, மூச்சு வாங்குகிறது, தூக்கம் வரவில்லை என்றால் காதை விட்டுவிடுங்கள். பொது மருத்துவரிடம் போய் தைராய்டு, ஹீமோகுளோபின், ஈசிஜி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் மாத்திரை இருக்கிறது, கிளிப் எதற்கு?